மின்படகு கேட்கும் கேள்விகள்

எர்ணாகுளம் உயர்நீதிமன்றப் படகுத்துறையிலிருந்து மட்டாஞ்சேரிக்குப் போகும் வாட்டர் மெட்ரோ படகில் டீசல் நாற்றம் இல்லை. பழைய படகுகளில் பக்கத்து இருக்கைக்காரரிடம் பேசவே குரலை உயர்த்த வேண்டும். இதில் படகு தண்ணீரைக் கிழித்துப் போகும் ஓசை காதில் விழுகிறது. 2023 ஏப்ரல் 25 அன்று கொச்சியில் தொடங்கிய இந்தச் சேவை 2025 அக்டோபரில் மட்டாஞ்சேரிக்கு வந்து சேர்ந்தது. மிளகும் இஞ்சியும் ஏற்றிய வள்ளங்கள் நூற்றாண்டுகளாக ஒதுங்கிய கரை இது. 1568-இல் எழுந்த யூத ஆலயமும் டச்சு அரண்மனையும் நடந்து போகும் தொலைவில் இருக்கின்றன. அங்கேதான் இப்போது நூறு பேரைச் சுமக்கும் மின்படகு வந்து அணைகிறது. கொச்சியிலேயே, கொச்சின் ஷிப்யார்டில் கட்டப்பட்ட படகு.

என்ன படித்தவர்கள் இதைச் செய்திருப்பார்கள்? கப்பல் கட்டுமானம் படித்தவருக்குப் படகின் உடல் வடிவம் தெரியும். பேட்டரிக்குள் நடக்கும் வேதிவினை தெரிய வேண்டியதில்லை. வேதியியலாளருக்கு அந்த வினை தெரியும். ஒரு டன் எடை கூடினால் படகு எவ்வளவு அமிழும் என்று தெரியாது. மின்பொறியாளருக்கு மோட்டார் தெரியும். மழைக்காலத்தில் காயலில் மிதந்துவரும் ஆகாயத்தாமரை தெரியாது. நேர அட்டவணை போடுபவருக்கு இவை எதுவுமே தெரியாமல் இருக்கலாம். ஆனால் அவர் போடும் அட்டவணைதான் பேட்டரி எத்தனை ஆண்டு உழைக்கும் என்பதைத் தீர்மானிக்கிறது.

தூய ஆற்றலைத் தனி ஒரு துறையின் பாடமாக வைத்துக் கற்பிக்க முடியாது என்று நான் உறுதியாக நம்புகிறேன். ஒரு பொருளை நடுவில் வைத்து, நாலைந்து துறை மாணவர்களை அதைச் சுற்றி உட்கார வைத்தால்தான் அது விளங்கும். நடுவில் வைக்க இந்தப் படகைவிட நல்ல பொருள் எனக்குத் தெரியவில்லை. அது கேட்கும் கேள்விகளைப் பார்ப்போம்.

முதல் கேள்வி வேகம். பேட்டரியில் மட்டும் ஓடும்போது இந்தப் படகின் வேகம் சுமார் 8 நாட், அதாவது மணிக்கு 15 கிலோமீட்டருக்குச் சற்றுக் குறைவு. சைக்கிளில் போகிறவரின் வேகம்தான். ஏன் இவ்வளவு மெதுவாக? தண்ணீர் படகை எதிர்த்துத் தள்ளும் விசை, வேகம் கூடக் கூட அதன் இருமடிக்கு ஏற்ப வளர்கிறது. அந்த எதிர்ப்பை வெல்ல மோட்டார் தர வேண்டிய திறனோ ஏறத்தாழ வேகத்தின் மும்மடிக்கு ஏற்ப வளர்கிறது. 8 நாட்டிலிருந்து 10 நாட்டுக்குப் போனால் வேகம் கால் பங்குதான் கூடுகிறது; மோட்டாரின் திறன் ஏறக்குறைய இரண்டு மடங்கு ஆக வேண்டும். ஐந்து கிலோமீட்டர் பயணம் இருபது நிமிடத்திலிருந்து பதினாறு நிமிடமாகக் குறையும். அந்த நான்கு நிமிட மிச்சத்துக்கு ஒரு பயணத்தின் மின்செலவு ஒன்றரை மடங்குக்கு மேல் ஏறிவிடும். படகு எழுப்பும் அலைகளையும் கணக்கில் சேர்த்தால் செலவு இன்னும் செங்குத்தாக ஏறும். ஏனெனில் பின்னால் விரிந்து போகும் ஒவ்வொரு அலையும் பேட்டரியிலிருந்து எடுத்த ஆற்றல்தான்.

படகின் உடல் இரண்டு ஒல்லியான பகுதிகளாகப் பிரிந்திருப்பது இதனால்தான். ஒரே அகலமான உடல் தண்ணீரை இருபுறமும் பெரிதாக ஒதுக்கித் தள்ளும். பெரிய அலை எழும். குறுகி நீண்ட இரண்டு உடல்கள் அதே எடையைச் சுமந்துகொண்டு சிறிய அலையோடு நழுவிப் போகும். மேலே தளம் அகலமாகக் கிடைக்கும், படகும் எளிதில் சாயாது. அலை சிறிதாக இருப்பதில் இன்னொரு நன்மை: ஆழமில்லாத காயலில் கரை அரிக்காது, சிறு வள்ளத்தில் வலை போட்டிருப்பவர் தடுமாற மாட்டார். திரவ இயக்கவியலின் ஒரு சமன்பாடு இப்படிப் பக்கத்து வள்ளக்காரரின் பிழைப்பு வரைக்கும் போய்த் தொடுகிறது. வகுப்பில் சமன்பாட்டை மட்டும் எழுதி அழித்துவிட்டால் மாணவருக்கு இந்தத் தொடர்பு கிடைக்காமலே போகும்.

இரண்டாவது கேள்வி பேட்டரி. இதில் கொஞ்சம் நின்று பார்க்க வேண்டும். அவ்வளவு அழகான வேதியியல் இது.

நம் கைபேசியில் இருக்கும் லித்தியம் பேட்டரியின் ஒரு முனை கிராஃபைட். சார்ஜ் ஏறும்போது லித்தியம் அயனிகள் கிராஃபைட்டின் அடுக்குகளுக்கு நடுவே போய் ஒடுங்குகின்றன. அவசரமாக ஏற்றினால் உள்ளே நுழைய நேரம் போதாமல், அயனிகள் வெளிப்பரப்பிலேயே உலோகமாகப் படிய ஆரம்பிக்கும். அது பேட்டரியின் ஆயுளைக் குறைக்கும். படிவு ஊசிபோல் வளர்ந்து மறுமுனையைத் தொட்டால் தீப்பிடிக்கவும் கூடும். நூறு பேர் ஏறிய படகில் அந்த ஆபத்துக்கு இடம் கொடுக்க முடியாது. அதனால் வாட்டர் மெட்ரோ படகுகளில் கிராஃபைட்டுக்குப் பதிலாக லித்தியம் டைட்டனேட் என்னும் பொருள் இருக்கிறது. லித்தியம் உலோகமாகப் படியும் மின்னழுத்தத்திலிருந்து ஏறக்குறைய ஒன்றரை வோல்ட் தள்ளி நின்று இது வேலை செய்கிறது. ஆகவே வேகமாக ஏற்றினாலும் உலோகம் படிவதில்லை. இன்னொன்றும் உண்டு. லித்தியம் உள்ளே போகும்போது கிராஃபைட் பத்து சதவீதம் வரை உப்பும், வெளியேறும்போது சுருங்கும். உப்பிச் சுருங்கி உப்பிச் சுருங்கி நாளடைவில் வெடிப்பு விடும். லித்தியம் டைட்டனேட்டோ ஒரு சதவீதம்கூட உப்புவதில்லை. அதனால் பல ஆயிரம் தடவை ஏற்றி இறக்கினாலும் தாங்குகிறது.

அப்படியானால் எல்லா வண்டியிலும் இதையே வைத்துவிடலாமே என்று தோன்றும். ஆபத்தைத் தள்ளி வைக்கிற அந்த ஒன்றரை வோல்ட்தான் இதன் குறையும். ஒரு செல் கொடுக்கும் மின்னழுத்தம் சுமார் 2.4 வோல்ட்டுக்கு இறங்கிவிடுகிறது. அதே எடையில் சேரும் ஆற்றலும் பாதிக்குக் கீழே போய்விடுகிறது. இந்தப் படகின் பேட்டரி ஏறத்தாழ 120 யூனிட் கொள்ளும். தமிழ்நாட்டில் 2016-இல் ஒரு வீட்டுக்கு இரண்டு மாதத்துக்கு இலவசமாக்கப்பட்டது 100 யூனிட் என்று நினைவில் வைத்துக்கொண்டால் இதன் அளவு புரியும். ஒரு கிலோ பேட்டரியில் 60 வாட் மணி அடங்கும் என்று வைத்துக் கணக்குப் போட்டால் எடை இரண்டு டன். படகு அந்த இரண்டு டன்னையும் ஓயாமல் சுமந்து திரிய வேண்டும். எடை கூடினால் படகு அமிழும். அமிழ்ந்தால் எதிர்ப்பு கூடும். எதிர்ப்புக்கு ஈடுகொடுக்கப் பெரிய பேட்டரி வேண்டும். பெரிய பேட்டரி வைத்தால் எடை கூடும். இந்தச் சுழலை எந்த இடத்தில் நிறுத்துவது என்பதை வேதியியலாளரும் கப்பல் வடிவமைப்பாளரும் ஒரே மேசையில் உட்கார்ந்துதான் முடிவு செய்ய முடியும். கொச்சியில் கிடைத்த விடை: சிறிய பேட்டரி போதும், துறைக்குத் துறை கொஞ்சம் கொஞ்சமாக ஏற்றிக்கொள்ளலாம். பயணிகள் இறங்கி ஏறும் பத்துப் பதினைந்து நிமிடமும் சார்ஜ் நேரமாகிவிடுகிறது. வேகமாக ஏற்றினாலும் கெடாத பேட்டரி இருந்ததால்தான் இப்படி ஒரு விடை சாத்தியமானது.

இந்தப் பேட்டரிக்குள் இருக்கும் டைட்டானியம் நமக்கு அந்நியமானதன்று. கன்னியாகுமரி மாவட்டம் மணவாளக்குறிச்சியிலும் கொல்லத்தை அடுத்த சவறையிலும் கடற்கரை மணல் கருத்துக் கிடப்பது இல்மனைட் என்னும் டைட்டானியத் தாதுவால்தான். 1909-இல் ஜெர்மானிய வேதியியலாளர் ஷோம்பெர்க், திருவிதாங்கூரிலிருந்து ஏற்றுமதியான கயிற்றில் ஒட்டியிருந்த மணலைச் சோதித்து அதில் மோனசைட் என்னும் இன்னொரு கனிமம் இருப்பதைக் கண்டார். அதன் பிறகே உலகத்தின் கண் இந்தக் கரைமேல் விழுந்தது. அந்த மணலை அள்ளுவதால் கரையோர மக்கள் படும் பாடு தனிக் கதை. அதுவும் தூய ஆற்றல் பாடத்துக்குள் வர வேண்டிய பகுதிதான். பேட்டரி தூய்மையானதா என்று கேட்பவர், அதன் தாது எங்கே தோண்டப்பட்டது என்றும் கேட்டாக வேண்டும்.

சார்ஜ் என்றதும் மூன்றாவது கேள்வி எழுகிறது: அந்த மின்சாரம் எங்கிருந்து வருகிறது, எந்த நேரத்தில் வருகிறது? 100 யூனிட்டைக் கால் மணி நேரத்தில் ஏற்ற வேண்டுமானால் அந்தக் கால் மணியும் 400 கிலோவாட் ஓடியாக வேண்டும். ஒன்றரைக் கிலோவாட் இழுக்கும் ஏ.சி. இருநூற்று அறுபதுக்கு மேல் ஒரே நொடியில் போட்டதற்குச் சமம். மட்டாஞ்சேரி போன்ற பழைய, நெருக்கமான தெருக்களுக்கு மின்சாரம் கொடுக்கும் டிரான்ஸ்ஃபார்மர் இதைத் தாங்குமா என்று முன்கூட்டியே பார்த்திருக்க வேண்டும். கேரளத்தில் 1976-இல் இயங்கத் தொடங்கிய 780 மெகாவாட் இடுக்கி நீர்மின் நிலையம் உண்டு. ஆனாலும் மாநிலம் தன் தேவையில் பாதிக்கும் மேலான மின்சாரத்தை வெளியிலிருந்து வாங்குகிறது. அதில் நிலக்கரி மின்சாரமும் அடக்கம். நண்பகலில் சார்ஜ் ஏற்றிய படகும், ஊரெல்லாம் விளக்குப் போடும் மாலை ஏழு மணிக்கு ஏற்றிய படகும் பார்வைக்கு ஒன்றுபோல் இருக்கும். ஆனால் ஒன்றின் பின்னால் வெயில் இருக்கிறது, மற்றொன்றின் பின்னால் எங்கோ தூரத்துப் புகைபோக்கி இருக்கலாம். படகிலிருந்து புகை வராததை மட்டும் வைத்து அதைத் தூயது என்று சொல்லிவிட முடியாது. இதை முதல் வருட மாணவரே கணக்குப் போட்டுப் பார்க்கும்படி பாடம் இருக்க வேண்டும்.

வெயிலைப் பற்றிப் பேசும்போது, மட்டாஞ்சேரிக்குப் பக்கத்தில் ஃபோர்ட் கொச்சியில் இருக்கும் தோபிகானாவைச் சொல்லாமல் போக மனம் வரவில்லை. அங்கே துவைப்பவர்கள் தமிழ் வண்ணார் சமூகத்தார். டச்சுக்காரர்கள் தங்கள் படையின் சீருடைகளைத் துவைக்க அவர்களின் முன்னோரைத் தமிழ் நாட்டிலிருந்து கூட்டிவந்ததாகச் சொல்லப்படுகிறது. இன்றும் அவர்களின் சங்கம்தான் அந்த இடத்தை நடத்துகிறது. துவைத்த துணிகள் திறந்த மைதானத்தில், கிளிப் இல்லாமல், முறுக்கிய கயிற்றின் இழைகளுக்கு நடுவே முனையைச் செருகிக் காயப் போடப்பட்டிருக்கும்.

இதை ஓர் ஆற்றல் கணக்காகப் பாருங்கள். ஒரு லிட்டர் தண்ணீர் ஆவியாக ஏறக்குறைய மூன்றில் இரண்டு பங்கு யூனிட் வெப்பம் வேண்டும். கொடியில் தொங்கும் துணிகளில் 150 லிட்டர் ஈரம் இருந்தால், அதைப் போக்க 100 யூனிட் செலவாகும். படகின் பேட்டரியில் பெரும்பகுதி அது! வெயிலும் காற்றும் அதை ஒரு மீட்டரும் ஓடாமல் செய்து முடிக்கின்றன. இதே துணியை மின்சார உலர்த்தியில் போட்டுவிட்டு, அந்த மின்சாரத்துக்காகக் கூரையில் சோலார் பலகை வைத்தால் என்ன ஆகும்? பலகை தன்மேல் விழும் வெயிலில் ஐந்தில் ஒரு பங்கைத்தான் மின்சாரமாக்கும். அதைத் திரும்ப வெப்பமாக்கித் துணியை உலர்த்துவோம். கொடியில் போட்ட துணியோ வெயிலை நேராகவே பயன்படுத்திக்கொள்கிறது. தூய ஆற்றலில் மிக மலிவான வழி, மின்சாரமே இல்லாமல் வேலையை முடிப்பது. தோபிகானாவின் முதியவர்கள் எந்த மாதம், எந்த நேரத்தில், எந்தப் பக்கத்துக் காற்றில் துணி சீக்கிரம் காயும் என்று அறிவார்கள். அந்த அறிவை வளிமண்டலவியல் மாணவர் ஒருவர் ஈரப்பதமானியோடு போய் உட்கார்ந்து பதிவு செய்தால், அது மதிப்பெண் கொடுக்கத் தக்க ஆய்வு என்பேன்.

வெயிலில் நேராகவே ஓடும் படகும் இந்தக் காயல்களில் உண்டு. பெரியாரால் நமக்கெல்லாம் தெரிந்த ஊரான வைக்கத்திலிருந்து தவணக்கடவுக்கு 2017 ஜனவரியில் ‘ஆதித்யா’ ஓடத் தொடங்கியது. நாட்டின் முதல் சூரியசக்திப் பயணிகள் படகு அதுதான். கேரள அரசின் நீர்ப்போக்குவரத்துத் துறைக்காகக் கொச்சியின் நவால்ட் நிறுவனம் கட்டியது. 75 பேர் உட்காரலாம். கூரையில் 20 கிலோவாட் சோலார் பலகைகள். நிறுவனத்தைத் தொடங்கிய சந்தித் தண்டாசேரி சென்னை ஐஐடியில் கப்பல் வடிவமைப்புப் படித்தவர். அவர் படித்த துறை உடலின் வடிவத்தைச் சொல்லிக்கொடுக்கும். மேகம் மூடிய ஜூன் மாதத்தில் அந்த 20 கிலோவாட் எவ்வளவாகச் சுருங்கும் என்பதை வேறிடத்தில்தான் தேட வேண்டும். வெயில் கொளுத்தினாலும் சிக்கல் உண்டு. பலகையின் திறன் 25 டிகிரியில் அளக்கப்பட்டது; அதற்கு மேல் ஒவ்வொரு டிகிரிக்கும் ஏறத்தாழ 0.4 சதவீதம் குறையும். கூரை 60 டிகிரிக்குச் சூடேறினால் ஏழில் ஒரு பங்கு போய்விடும். பலகைக்கு அடியில் காற்று ஓட இடம் விட்டால் மீளலாம், ஆனால் கூரை உயர்ந்தால் பக்கக்காற்று படகைத் தள்ளும். ஒவ்வொரு விடையும் அடுத்த துறையின் கதவைத் தட்டுகிறது.

தண்ணீரும் சும்மா இருப்பதில்லை. மழைக்காலத்தில் ஆறுகள் கொண்டுவரும் நன்னீரில் ஆகாயத்தாமரை செழித்துக் காயலை மூடும், சுழலியில் சிக்கும்; கடல்நீர் திரும்பி உப்பு ஏறியதும் மடியும். உப்புநீரில் படகின் அடியில் கடலுயிர்கள் ஒட்டி வளர்ந்து, வழுவழுப்பான உடலைச் சொரசொரப்பாக்கி, வேதியியலாளர் மிச்சப்படுத்திய யூனிட்டுகளைத் தின்றுவிடும். துறைமேடைகள் மிதப்பவையாக இருப்பதால், நீர்மட்டம் ஏறினாலும் இறங்கினாலும் படகின் தளமும் மேடையும் ஒரே உயரத்தில் நிற்கின்றன. சக்கர நாற்காலியில் வருபவர் யார் உதவியும் இல்லாமல் ஏறலாம்.

பேட்டரிக்கு மாற்றாக, ஹைட்ரஜன் படகும் கொச்சின் ஷிப்யார்டிலேயே உருவானது. அதைப் பிரதமர் 2024 பிப்ரவரி 28 அன்று தூத்துக்குடியிலிருந்து தொடங்கி வைத்தார். மின்சாரத்தால் தண்ணீரைப் பிரித்து, வந்த ஹைட்ரஜனை அழுத்தி வைத்து, எரிபொருள் கலத்தில் மறுபடி மின்சாரமாக்கும்போது முதலில் செலுத்தியதில் மூன்றில் ஒரு பங்குதான் மிஞ்சும். குறுகிய காயல் பயணத்துக்குப் பேட்டரியே மேல். நாள்கணக்கில் போகும் கப்பலுக்கு ஹைட்ரஜன் தேவைப்படலாம்.

இனி, இதையெல்லாம் எங்கே படிப்பது? 1973-இல் எண்ணெய் விலை ஏறி உலகமே திகைத்தபோது, ஆற்றல் தனிக் கவனம் கேட்கும் விஷயம் என்று நம் கல்விக்கூடங்களும் உணர்ந்தன. டெல்லி ஐஐடியில் 1976-இல் ஆற்றல் ஆய்வு மையம் வந்தது. மும்பை ஐஐடியில் 2007-இல் ஆற்றல் அறிவியலுக்கும் பொறியியலுக்குமாக ஒரு துறையே ஏற்பட்டது. சென்னையில் அண்ணா பல்கலைக்கழகத்துக்கு ஆற்றல் ஆய்வு நிறுவனம் உண்டு. கொச்சியில் 1971-இல் தொடங்கிய கொச்சி அறிவியல் தொழில்நுட்பப் பல்கலைக்கழகத்தை எடுத்துக்கொண்டால், இந்தப் படகுக்கு வேண்டிய எல்லாமே அதற்குள் இருக்கின்றன. கப்பல் தொழில்நுட்பத் துறை, மெல்லிய படலச் சூரியக்கலங்களை ஆராய்ந்த இயற்பியல் துறை, ஒளியியல் பள்ளி, பருவமழையை அண்ணாந்து பார்க்கும் வளிமண்டல ரேடார் மையம், பாலிமர் துறை, கடல் அறிவியல் பள்ளி, சட்டப் பள்ளி. பக்கத்தில் நெடும்பாசேரியில் 2015 ஆகஸ்ட் 18 முதல் முழுக்கச் சூரிய ஆற்றலில் இயங்கும் உலகின் முதல் விமான நிலையம் வேறு. அங்கே பலகைகளுக்கு நடுவே காய்கறி பயிராகிறது. வேளாண் மாணவருக்கும் அங்கே வேலை இருக்கிறது. 2024 ஜூலையில் கேரளக் கல்லூரிகளில் தொடங்கிய நான்காண்டுப் பட்டப்படிப்பு, மாணவர் தம் துறைக்கு வெளியேயும் பாடம் எடுக்க வழி செய்திருக்கிறது.

ஆனால் வழி திறந்தால் மட்டும் போதாது. எல்லாத் துறையிலும் ஒரு சிட்டிகை எடுத்துத் தூவும் படிப்பை நான் ஆதரிக்க மாட்டேன். சோலார் பற்றி ஆறு மணி நேரம், காற்றாலை பற்றி ஆறு மணி நேரம், கொள்கை பற்றி நான்கு மணி நேரம் என்று முடித்த மாணவருக்குக் கிலோவாட்டும் கிலோவாட் மணியும் ஒன்றா வேறா என்பதே குழப்பமாக இருக்கும். ஒரு துறையில் ஆழம் வேண்டும். அந்த ஆழத்தோடு, பக்கத்துத் துறைக்காரரின் கணக்கைப் படித்துக் கேள்வி கேட்கும் திறமும் வேண்டும். இரண்டாவது திறம் விரிவுரையால் வராது. ஒரே படகுக்காக ஆறு மாதம் சண்டை போட்டால் வரும். சூரியசக்திக் கார்ப் பந்தயத்துக்கு வண்டி கட்டும் சென்னை ஐஐடியின் ‘அக்னிரத்’ மாணவர் குழுவைப் போன்றவை வகுப்பறைக்கு வெளியே இதைத்தான் செய்கின்றன. பந்தயத்துக்குப் போகாத மாணவருக்கும் அது பாடமாகக் கிடைக்க வேண்டும்; அதற்கு மதிப்பெண்ணும் இருக்க வேண்டும். இரண்டு துறை ஆசிரியர்கள் ஒரே வகுப்பில் நின்று, மாணவர் முன்னால் ஒருவரை ஒருவர் கேள்வி கேட்க வேண்டும். அந்த வகுப்பு இருவருக்கும் முழுப் பணிநேரமாகக் கணக்கிடப்படவும் வேண்டும். நிர்வாகத்தில் இந்தச் சிறிய திருத்தம் நடக்காத வரை, துறைகளைக் கடந்த கல்வி என்பது காகிதத்தில்தான் இருக்கும்.

தமிழ்நாட்டுக் கல்லூரிகளுக்கு, குறிப்பாக நாகர்கோவில், திருநெல்வேலிப் பக்கத்துப் பொறியியல் கல்லூரிகளுக்கு ஒரு வேண்டுகோள். கன்னியாகுமரியில் கரையிலிருந்து விவேகானந்தர் பாறைக்குப் பூம்புகார் கப்பல் கழகத்தின் படகுகள் போய்வருகின்றன. தூரம் அரைக் கிலோமீட்டர் அளவுதான். ஆனால் அது காயலில்லை, திறந்த கடல். அலை உண்டு, காற்று உண்டு, விடுமுறை நாளில் பெருங்கூட்டம் உண்டு. அங்கே மின்படகு ஓட முடியுமா, எந்த வடிவத்தில், எந்தப் பேட்டரியோடு, எங்கே சார்ஜ் ஏற்றி, என்ன கட்டணத்தில்? மின்னியல், இயந்திரவியல், வேதியியல், பொருளியல் மாணவர்களை நால்வர் நால்வராகச் சேர்த்து, வரும் கல்வியாண்டில் இந்த ஒரு கேள்வியைக் கொடுங்கள். முதல் வாரமே அவர்களை ஒரே பேருந்தில் ஏற்றி மட்டாஞ்சேரிக்கு அனுப்புங்கள். கன்னியாகுமரி மாவட்டத்திலிருந்து ஒரு நாள் பயணம்தான்.